கறுப்பி கூட்டை விட்டு வந்த மாதம்

செப்டம்பர் 3, செவ்வாய்

அங்கே இருந்தவர்கள்: நான். டீச்சர் ஹஸ்னியார். வீட்டுக்காரி டாயெங் சங்கிங், எங்கள் ஊரில் வயசானவர்கள் எல்லோரும் டாயெங்தான், நானும். மரத்தூண்கள் மேல் நிற்கிற அவள் வீட்டுக்கு அடியில்தானே பிள்ளைகளின் விளையாட்டுப் பள்ளி நடக்கிறது, மேலே வாழைக்காய் பொரித்துக்கொண்டே பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தபடி இருந்தாள். பிள்ளைகள் ஒன்பது பேர்: ரெஸ்கி, தென்ரி, பாசோ, பெஸ்ஸே, ஆச்சோ, இரட்டைகள் ஹுஸ்னா ஹுஸ்னி, மூக்கு ஒழுகுகிற இல்ஹாம், என் பேத்தி சல்வா. வெளியே மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்த என் மகன் ருஸ்தான், சல்வாவின் அப்பா. அவ்வளவுதான். நாளைக்கு நாற்பது பேர் வந்து நானும் பார்த்தேன் என்பார்கள். அதனால்தான் பெயர்களை எழுதி வைக்கிறேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். ஆனால் பார்த்ததை மறந்ததில்லை.

ஹஸ்னியார்தான் என்னைக் கூப்பிட்டாள். "டாயெங் பாஜி, புஸ்தகத்துல இருக்கறதவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்றாள். போன மாதம் காட்டு எலுமிச்சையிலிருந்து ஒன்பது பட்டாம்பூச்சிப் புழுக்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். ஒன்றில் ஒட்டுண்ணி விழுந்து செத்தது, இன்னொன்று கூடு கட்டாமலே சுருண்டது. ஏழு கூடு தேறியது. கூடு தொங்குகிற குச்சி ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் நூல். இரட்டைகளுக்குச் சேர்த்து ஒன்று, இல்ஹாமும் ஆச்சோவும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்று. சல்வாவுடையது சிவப்பு நூல். வெளியே வருவதற்கு முன்னாலேயே அதற்குக் கறுப்பி என்று பெயர் வைத்துவிட்டாள்.

இன்று காலை கறுப்பி வந்துவிட்டது. முதலில் வந்தது அதுதான். பெண். உள்ளங்கை அகலம், கறுப்பின் மேல் பச்சைப் பட்டை, கரண்டி மாதிரி இரண்டு வால். றெக்கை காய்கிற வரைக்கும் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. ஆச்சோகூட. அதற்குப் பிறகு சல்வா அதை விரலில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தாள்.

"பாட்டி, கொஞ்சம் புடிச்சுக்கோ. செருப்பு மாட்டிக்கறேன். வெளியில கொண்டுபோய் விடலாம்."

பிடித்துக்கொண்டேன்.

என் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் றெக்கைக்கு அடியில் நெஞ்சுக்குப் போயின. ஒரு அழுத்து. காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் கேட்கும். விற்பதற்குப் பூச்சி பிடிக்க ஆரம்பித்த ஏழு வயதிலிருந்து கேட்கிற சத்தம். அது மட்டும் இல்லை, அதற்குப் பிறகு இடது கை தானாக இடுப்பு மடிப்பில் பூச்சி மடிக்கிற முக்கோணக் காகிதத்தைத் தேடியது. காகிதமும் இருந்தது. பூச்சியை உள்ளே வைத்து மடித்தும் விட்டேன். மடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ரெஸ்கி சொன்னான்: "செத்துப் போச்சு. பாட்டி கொன்னுட்டா."

சல்வா அழவில்லை. ஒரு செருப்பு போட்டிருந்தாள், இன்னொன்று கையில். என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலேயிருந்து சங்கிங்: "பழக்க தோஷம்டீ! கோழி அறுக்கறவன் கையில குஞ்சு குடுத்த கதை!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததையும் எழுதிவிட்டேன்.

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவன் ருஸ்தான்.

செப்டம்பர் 4

சல்வா என் கையால் சாப்பிடவில்லை. தட்டில் மீனை முள் எடுத்து வைத்தேன். நான் தொட்ட பக்கத்தை ஒதுக்கிவிட்டு மறுபக்கம் சாப்பிட்டாள். தலை வாரக் கூப்பிட்டேன், வரவில்லை. ருஸ்தான் வாரிவிட்டான். வகிடு பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. அப்படியே பள்ளிக்குப் போனாள்.

இவள் அம்மா கடல் தாண்டி தாவாவ் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மூன்று வயதிலிருந்து குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இந்தக் கைதான். இந்தக் கை இல்லையென்றால் அவளுக்கு யார்? அதுதான் என் பயம். பூச்சிக்காக இல்லை. எழுதும்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பூச்சிக்காக நான் அழவில்லை.

செப்டம்பர் 5

இன்றும் பள்ளிக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஒளிகிறேன் என்பார்கள்.

ஹஸ்னியார் முதலில் கதை சொன்னாள். புழு ஒன்று அழகாக வேண்டுமென்று ஆசைப்பட்டதாம், அதனால் தூங்கியதாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "புழு ஒண்ணுக்கும் ஆசைப்படாது, திங்கறதுக்குத்தான் ஆசைப்படும்" என்று சொல்லிவிட்டேன். வழக்கமாக இதற்குச் சிரிப்பார்கள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பிறகு உறிஞ்சுகிற விளையாட்டு. பப்பாளி இலைக்காம்பைக் குழலாக்கி, சிரட்டையில் இளநீர் ஊற்றி, பட்டாம்பூச்சி எப்படிக் குடிக்கும் என்று காட்டுவது. அது ஒழுங்காக நடந்தது.

அதற்குப் பிறகு கைலி விளையாட்டு. மூட்டிய கைலிக்குள் தலையோடு காலோடு புகுந்து சுருண்டு படுக்க வேண்டும். கூடு. மற்றவர்கள் கை தட்ட, உள்ளே இருப்பவன் நெளிந்து நெளிந்து தலையை வெளியே விட்டு, கையை விரித்து, ஓட வேண்டும். போன வாரம் இதே விளையாட்டில் பாசோ சிரித்துச் சிரித்து உள்ளேயே மூத்திரம் போனான்.

இன்று தென்ரி உள்ளே போனாள். கை தட்டினார்கள். வெளியே வரவில்லை.

"தென்ரி, வாம்மா. றெக்கை காஞ்சிடுச்சு, வா" என்றாள் ஹஸ்னியார்.

உள்ளேயிருந்து குரல்: "பாட்டி இருக்காளா?"

"இருக்காங்க."

"அப்ப வரமாட்டேன். நசுக்கிடுவா."

பெஸ்ஸேயும் வரவில்லை. இரட்டைகளில் ஒன்று உள்ளேயே அழுதது. கைலிகள் தரையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன, உள்ளே மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. ஒரு மூட்டை அசையவே இல்லை. அது எங்கள் வீட்டுக் கைலி, பச்சைக் கட்டம். உள்ளே இருந்தது சல்வா.

ஹஸ்னியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "டாயெங், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

முடிக்க விடவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 6

ஹஸ்னியாரின் அப்பன் என் புருஷனோடு ஒரே ஆற்று மணலில் பூச்சி வலை வீசியவன். அந்தப் பிள்ளை போட்ட பள்ளிக்கூடச் சட்டை எந்தப் பூச்சியின் றெக்கை? நேற்றுப் பிறந்தவள் மாதிரி என்னைப் பார்க்கிறாள். அவள் அம்மாவின் பிரசவத்துக்கு வெந்நீர் காய்ச்சியவள் நான். அவள் அம்மா அதற்கு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை.

செப்டம்பர் 9

சல்வா குளிக்கவில்லை, மூன்றாம் நாள். கிணற்றடிக்குப் போய் அவளாகவே காலை மட்டும் நனைத்துக்கொண்டு வருகிறாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மருந்து தடவப் போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு தோளையும் ஒடுக்கிக்கொண்டு நெஞ்சை மறைத்துக்கொண்டாள்.

நெஞ்சை.

அல்லாவே, நான் என்ன செய்வேன்.

செப்டம்பர் 10

ஹஸ்னியார் வீட்டுக்கே வந்தாள். வரச் சொல்லவில்லை, வந்தாள். காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

"டாயெங், எனக்கு ஒரு யோசனை. கறுப்பியை எலுமிச்சை மரத்தடியில புதைக்கலாம். பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து. சல்வா கையால மண்ணு போடட்டும். நீங்களும் பக்கத்துல நில்லுங்க. முடிஞ்சு போச்சுன்னு அதுங்களுக்குத் தெரியணும். கறுப்பி எங்க இருக்கு?"

எனக்குத் தெரியும் எங்கே இருக்கிறது என்று. ருஸ்தான் நடத்துகிற எங்கள் பூச்சிக் கடையின் பின்பக்கம், மென்பலகையில், றெக்கை விரித்து ஊசி குத்திக் காய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் வலை வீசுகிற ஆற்று மணலுக்குத் தண்ணீர் குடிக்க ஆண் பூச்சிதான் வரும், பெண் வராது. எங்கள் கடையில் நூற்றில் ஒன்றுகூடப் பெண் இருக்காது. அதிலும் ஒரு கீறல் இல்லாதது. ருஸ்தான் அதை மண்ணில் போடுவானா?

சாயங்காலம் சல்வா அவனிடம் போய் நின்றாள். "அப்பா, கறுப்பி வேணும். புதைக்கணும்."

"தரேன்டா. இன்னும் காயல. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து தரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் அங்கே இருந்தேன். கதவுப் பக்கம், முறத்தில் அரிசி.

செப்டம்பர் 11

ருஸ்தானிடம் தனியாகச் சொன்னேன்: "குடுத்துடு. ஒரு பூச்சிதானே."

"நீயா இதைச் சொல்ற? செத்ததை மண்ணுல போட்டா யாருக்கு என்ன, எறும்பு தின்னும். உங்கம்மா உன்னை இப்படித்தான் வளர்த்தாளா?"

"புள்ளை என் கையைத் தொட மாட்டேங்கறாடா."

"ரெண்டு நாள்ல தொடுவா. பசிச்சா தொடுவா." சிரித்தான். ஆனால் கடைசியில், "சரிம்மா, தரேன்னு சொன்னேன்ல" என்றான்.

நம்பினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

தொழுகை முடிந்து ருஸ்தான் வந்தான். கையில் தீப்பெட்டியைவிடப் பெரிய அட்டைப் பெட்டி. சல்வா வாசல் ஏணியின் கடைசிப் படியில் காத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் இருந்தாள், சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டு.

பெட்டியைத் திறந்தாள். கறுப்பு, பச்சைப் பட்டை, இரண்டு வால். நெடுநேரம் பார்த்தாள். மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

நான் இரண்டு படி மேலே. எனக்கு ஒரு பார்வை போதும். முன்றெக்கையில் வெல்வெட் மாதிரி மயிர்ப்பட்டை. ஆண். ஓரத்தில் செதில் தேய்ந்திருக்கிறது, ஆற்று மணலில் தண்ணீர் குடிக்க இறங்கின பூச்சி. போன வருடத்துச் சரக்கு.

ருஸ்தானைப் பார்த்தேன். அவன் பார்வையை ஏணியின் கீழே விட்டான். காலையில் கடைப்பக்கம் சுரபாயா சுற்றுலாக்காரர்களோடு ஒரு பேருந்து வந்து போனது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவையில்லை.

சல்வா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பத்து நாளில் முதல் தடவை என் முகத்தை.

"பாட்டி, இது கறுப்பிதானே?"

அவனைக் கேட்கவில்லை. கொடுத்தவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள். பூச்சி விஷயத்தில் இந்த ஊரில் யாரைக் கேட்க வேண்டும் என்று அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

இல்லை என்று சொன்னால்? கறுப்பி போய்விட்டது, பேருந்தில் ஏறி, கண்ணாடிக்குள் ஏறி, யாரோ வீட்டுச் சுவருக்கு. திரும்ப வராது. கொன்றது பாட்டி, விற்றது அப்பா. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பிள்ளை யார் கையால் சோறு தின்னும்?

"ஆமா" என்றேன். "கறுப்பிதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

இறங்கி வந்தேன். பெட்டியை வாங்கவில்லை, அவள் கையிலேயே வைத்துப் பார்த்தேன். பார்க்கிற மாதிரி பார்த்தேன். "கறுப்பியேதான். காய்ஞ்சா கொஞ்சம் நிறம் மாறும்."

அவள் மூச்சை விட்டாள். நூலை என்னிடம் நீட்டினாள். "கட்டிவிடு. எனக்குக் கட்ட வராது."

அவள் விரல் என் விரலில் பட்டது. கட்டினேன். பெட்டியைச் சுற்றி இரண்டு முடிச்சு.

ருஸ்தான் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான்.

செப்டம்பர் 14

ஆற்று மணலில் ஒரு செத்த பூச்சியை விரித்து வைப்போம். மேலே பறக்கிறது அதைப் பார்த்து, நம்மாள் இருக்கிறான் என்று பக்கத்தில் வந்து இறங்கும். வலையே தேவைப்படாது. நேற்று நான் செய்ததும் அதுதானே.

சல்வா ராத்திரி என் பக்கத்தில் படுத்தாள்.

செப்டம்பர் 18

எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார்கள். ஹஸ்னியார், ஒன்பது பிள்ளைகள், நான். சங்கிங் வாழைக்காய் கொண்டு வந்தாள். குழி தோண்டியது இல்ஹாம், வாழைப்பட்டை மூடியது பெஸ்ஸே. ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று ஹஸ்னியார் சொன்னாள். ஆச்சோ "போய்ட்டு வா" என்றான். பாசோ "நெறைய பூ இருக்கட்டும்" என்றான். என் முறை வந்தபோது குனிந்து ஒரு பிடி மண்ணை மட்டும் அள்ளிப் போட்டேன். எல்லோரும் நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹஸ்னியார் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

யாரோ ஒரு பூச்சிக்கு மண் போட்டோம்.

செப்டம்பர் 19

மறுபடியும் கைலி விளையாட்டு. ஹஸ்னியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

பிள்ளைகள் உள்ளே போவார்கள், வெளியே வருவதற்குத்தான் இன்னும் பயம். ரெஸ்கிதான் சொன்னான்: "மொதல்ல பாட்டி உள்ள போகட்டும். நாங்க வெளிய நிக்கறோம்."

ஹஸ்னியார் வேண்டாம் என்றாள். "முட்டி வலிக்காரங்கடா, விடு."

நான் போனேன். அறுபத்தெட்டு வயசில், பச்சைக் கட்டக் கைலிக்குள், தலையோடு. உள்ளே சோப்பு வாசனை, என் மூச்சின் சூடு. வெளியே பிள்ளைகளின் காலடி சுற்றிச் சுற்றி வருகிறது. யாரோ குசுகுசு என்கிறார்கள். மேலேயிருந்து சங்கிங், "பெரிய பூச்சியா இருக்கே, பலகைக்குப் பத்தாது!" என்று கத்துகிறாள். சிரிப்பாள் என்று தெரியும். நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் ஒரு கிழவி, வெளியே நிற்பது அஞ்சு வயசுப் பிள்ளைகள், அப்படியிருந்தும் அடித்துக்கொண்டது.

தலையை வெளியே விட்டேன். ரெஸ்கி இரண்டு விரலை நீட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நேராக என் நெஞ்சுக்கு வருகிறான்.

சல்வா அவன் கையில் பளாரென்று ஒரு அடி வைத்தாள்.

"தொடாதடா! றெக்கை இன்னும் காயல!"

பிறகு அவளே குனிந்து என் முகத்துக்கு நேராக உஃப் உஃப் என்று ஊதினாள். மற்றதுகளும் சேர்ந்து ஊதின. எச்சில் மழை. கையை விரித்தேன். எழுந்து ஓட முடியவில்லை, நடந்தேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போய் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தென்ரி மூன்று தடவை வந்தாள்.

செப்டம்பர் 23

பின்னல் போட்டுவிட்டேன். இரண்டு பின்னல். வேர்க்குரு அடங்கிவிட்டது.

செப்டம்பர் 25

ருஸ்தான் சாப்பிட உட்கார்ந்தான். தட்டு வைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னுமாம்மா? சண்டை தீர்ந்துதானே போச்சு. நீ சொன்னது நல்லதுக்குத்தானே."

நான் சொன்னது. நான்.

"அந்த ஒண்ணை மட்டும் விக்காம இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அதே மாதிரி ஒண்ணைக் குடுத்தேன்லம்மா. அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

அவளுக்குத் தெரியாது என்பதுதான் அவனுக்குச் சமாதானம்.

செப்டம்பர் 28, சனி

பள்ளியில் நபி பிறந்தநாள் விழா. வாளி நிறையப் பசையரிசிச் சோறு, அதில் குத்திய மூங்கில் குச்சிகளில் சாயம் போட்ட முட்டைகள். இந்த வருடம் ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதப் பட்டாம்பூச்சி. சிமெண்ட் பைக் காகிதத்தில் செய்தது, உள்தாள் நல்ல கெட்டி. இல்ஹாமுடையதற்கு மூன்று றெக்கை. ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றானாம்.

ஆறு கூட்டில் நான்கு முன்பே வந்து பறந்துவிட்டன. மீதி இரண்டும் இன்று காலை. தென்ரியுடையது நல்ல பெரியது. ஹஸ்னியார் எல்லோரும் பார்க்க அதைக் கொண்டுவந்து என் விரலில் ஏற்றினாள். என்னிடம் கேட்கவில்லை, ஏற்றிவிட்டாள். உள்ளங்கையைத் திறந்து வைத்தேன். பெருவிரலைத் தனியாக, தூரமாக, அது என்னுடையதே இல்லை என்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். ஒன்பது பிள்ளைகளும் அந்தப் பெருவிரலையே பார்த்தார்கள். பூச்சி நடந்தது, நின்றது, நடந்தது. பிறகு எழும்பிப் பாறை மலைப் பக்கம் போய்விட்டது.

ஹஸ்னியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மாவின் வெந்நீர்க் கணக்கை இன்றோடு விட்டுவிட்டேன். சங்கிங் அன்று சிரித்ததையும் விட்டேன். அவள் வாய் அப்படி.

முட்டை பிரிக்கும்போது ரெஸ்கி சொன்னான்: "சல்வா, உன் கறுப்பி மரத்தடியில இல்லையாம். கடையில வித்துப் போச்சாம். எங்கப்பா பார்த்தாராம்."

என் கையில் சோறு இருந்தது.

சல்வா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாவுக்கு என்ன தெரியும்? எங்க பாட்டி பார்த்துச் சொன்னா. எங்க பாட்டி பொய் சொல்ல மாட்டா."

பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இல்ல பாட்டி?"

தலையாட்டினேன்.

வாயைத் திறந்தாள். சோற்றை உருட்டி ஊட்டினேன். விரலோடு சேர்த்துக் கடித்துச் சிரித்தாள். நான் கேட்டது எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இனி அவள் பெரியவளாகிற வரைக்கும், நான் சாகிற வரைக்கும், எத்தனை தடவை கேட்டாலும் இதே தலையை ஆட்ட வேண்டும்.

என் கை செய்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிள்ளைகள் ஊதி ஆற்றிவிட்டார்கள். என் வாய் செய்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவன் ஒருத்தன்தான். இன்றும் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்து, மகளுக்கு வாங்கிய பலூனை ஆட்டிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். சல்வா ஓடிப்போய் அவன் மடியில் ஏறினாள். அவள் ஏறட்டும்.

நான் மன்னிக்க மாட்டேன், என் வயிற்றில் பிறந்த ருஸ்தானை.